செம்பிக்கு ஒரு கடதாசி

கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், மதிப்புக்குரிய பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் கொழும்பு 15இல், களனி கங்கை கடலோடு சேருகிற பக்கம், அப்பப்பா கட்டிய பழைய வீட்டில் குடியிருப்பவள். வளவு நாற்பது பேர்ச், அதாவது கால் ஏக்கர். பின்வேலிக்கு அப்பால் அயல்வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் வெறுங்காணி ஒன்று புல் மண்டிக் கிடக்கிறது. போன வருடம் தை பிறக்கப் பத்து நாள் இருக்கையில், விலங்குகளை மீட்டெடுக்கும் தொண்டர் குழுவொன்று எங்கள் வளவில் ஒரு குதிரையை இறக்கிவிட்டுப் போனது. அவர்களிடம் இடமில்லை, நிரந்தரமாக ஓர் இடம் கிடைக்கும்வரை நீங்கள் வைத்திருந்து தேற்றித் தாருங்கள் என்றார்கள். ஏழு மாதம் வைத்திருந்தோம். ஆவணியில் ஒரு லொறி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எப்படிப் போனாள், இனி ஒரு குதிரை அப்படிப் போகாமலிருக்க உங்களால் என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். சற்று நீளமாகத்தான் போகும். பொறுமையாக வாசியுங்கள்.

அவள் பெட்டை. செம்மண் நிறம், நெற்றியிலிருந்து மூக்குவரை வெள்ளைக் கோடு. செம்பி என்று கூப்பிட்டோம். காலிமுகத்திடலில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றியவள். கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளைமாரைச் சுமந்தவள். இடது முன்னங்காலின் தசைநாண் வீங்கி நொண்டத் தொடங்கியதும் வேலைக்கு ஆகாதவளாகிப் போனாள். கால்வாய்க்கரை ஒன்றில் ஒன்றரை மீற்றர் கயிற்றில் கட்டிக் கிடந்தவளைத் தொண்டர்கள் கண்டு, விசாரித்து, சொந்தக்காரரைத் தேடிப் பிடித்தார்கள். அவர் ‘கொண்டு போங்கோ’ என்றார். அந்த ஒரு சொல்லோடுதான் அவள் கைமாறினாள். இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

வந்த அன்று அவளை நிறுக்க எங்களிடம் தராசு ஏது? மிருக வைத்தியர் ஒரு கணக்குச் சொல்லித் தந்தார். நெஞ்சைச் சுற்றிச் சென்ரிமீற்றரில் அளந்து, அந்த எண்ணை அதாலேயே பெருக்கி, பிறகு தோளிலிருந்து பின்தொடை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் பிரித்தால் ஏறக்குறைய கிலோ வரும். மாமியின் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்தேன். தையல் டேப் 150இல் முடிந்துவிடும். சுற்றிப் பிடித்தபோது 148. நீளம் 140. ஆக 258 கிலோ. குதிரைக்கு விலா எலும்பு பதினெட்டுச் சோடி என்று அன்றுதான் அறிந்தேன். அவளில் பாதிக்கு மேல் தொடாமலே எண்ணலாம். உடற்கட்டை ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பிடுவார்களாம். வைத்தியர் அவளுக்கு இரண்டு போட்டார்.

பசித்த உயிரைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவியது. சோறு வந்தது, பாண் வந்தது, வாழைப்பழம் சீப்புச் சீப்பாக வந்தது. தைப்பொங்கல் அன்று விடிய வெள்ளன, ஒழுங்கையில் இருக்கிற அம்மா ஒருவர் ஆவி பறக்கும் சர்க்கரைப் பொங்கலை வாளியோடு கொண்டுவந்து வாசலில் நின்றார். எல்லாவற்றையும் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். அந்த அம்மா இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

காரணத்தை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் நாளை இன்னொரு வளவில் இன்னொரு குதிரை வந்து நிற்கும். நாள்கணக்காகப் பட்டினி கிடந்த குதிரைக்குச் சோறும் தானியமும் சர்க்கரையும் கொடுத்தால், இரத்தத்தில் இன்சுலின் திடீரென ஏறும். உடம்பில் மிச்சமிருக்கிற பொஸ்பேற், பொற்றாசியம், மக்னீசியம் எல்லாம் இரத்தத்தை விட்டு உயிரணுக்களுக்குள் போய்விடும். பிறகு இதயம் தடுமாறும். பட்டினியில் சாகாத குதிரை, நல்ல மனத்தோடு கொடுத்த சாப்பாட்டில் சில நாட்களுக்குள் விழுந்து போகும். குதிரையால் வாந்தியெடுக்கவும் முடியாது. உள்ளே போனது போனதுதான். அதனால் முதல் பத்து நாளும் காய்ந்த புல் மட்டும். அதுவும் நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு பிடி ஒரு பிடியாக, நாளுக்கு ஆறு வேளை. இரவு இரண்டு மணி வேளை என் மகனுடையது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. புத்தகத்தை மூடிவிட்டுப் போய்க் கொடுத்துவிட்டு வருவான்.

பாண்டிய நாட்டுக்குக் கப்பல் கப்பலாக வந்திறங்கிய குதிரைகள் வருடம் முடியுமுன் சரிந்துபோயின என்று அந்தக் காலத்தில் வந்துபோன பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததும் பொருந்தாத தீனியும்தான் காரணமாம். எழுநூறு வருடம் கழிந்தும் குதிரைக்கு என்ன கொடுக்கலாம் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. மாடு தெரியும், ஆடு தெரியும், குதிரை தெரியாது. கோயிலில் வேட்டைத் திருவிழாவுக்குச் சுவாமி ஏறிவரும் மரக்குதிரையைத்தான் சின்ன வயதிலிருந்து தொட்டுக் கும்பிட்டிருக்கிறோம். வடக்கே நெடுந்தீவில் காட்டுக்குதிரைகள் திரிவதால், செம்பியைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் ‘நெடுந்தீவுக் குதிரையா?’ என்றுதான் கேட்டார்கள்.

மாட்டுக்கு நல்லதெல்லாம் குதிரைக்கு நல்லது என்று நினைத்ததுதான் என் முதல் பிழை. பால்மாட்டுக்காரர் ஒருவரிடம் கோ-3 புல் வாங்கினேன். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய நேப்பியர் கலப்பு அது. இலங்கையில் மாடு வளர்க்கிறவர்கள் பலரும் அதைத்தான் நடுகிறார்கள். கூடவே தவிடும் கொடுக்க ஆயத்தமானேன். வைத்தியர் தடுத்தார். அந்த வகைப் புல்லில் ஒட்சலேற் இருக்கிறது, அது கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தவிட்டிலோ பொஸ்பரஸ் கூட, கல்சியம் மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்து மாதக்கணக்கில் உள்ளே போனால் உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கத் தொடங்கும். முகத்தெலும்பு வீங்கி, கால் நொண்டும். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் அந்த ஒட்சலேற்றைக் கரைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. வேலியோரம் நின்ற கிளிரிசீடியாக் குழையையும் கொடுக்க வேண்டாம் என்றார். ஆடு ஆசையாகத் தின்னும் குழை அது. கடைசியில் வெறுங்காணியில் நின்ற கினிப்புல்லும், வாங்கிய வைக்கோலும், கொஞ்சம் தேங்காய்ப் புண்ணாக்கும், சுண்ணாம்புக்கல் தூளும் என்று ஒரு வழிக்கு வந்தோம். தேறத் தொடங்கிய பிறகு நாளுக்கு இருபது, இருபத்தைந்து கிலோ பச்சைப்புல். என் கணவர் வேலைக்குப் போகுமுன் ஒரு கட்டு, வந்தபின் ஒரு கட்டு வெட்டினார்.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. வளர்ப்பு வீடு என்றால் என்ன என்று உங்கள் கோப்புகளில் எங்கும் எழுதியிருக்காது என்ற எண்ணத்தில் சொல்கிறேன். நாங்கள் குதிரையை வாங்கவில்லை, தத்தெடுக்கவும் இல்லை. சாகக்கிடக்கும் ஒன்றை எழுப்பி நிறுத்தி, நல்ல இடத்துக்கு அனுப்புமட்டும் வைத்திருக்கிற வேலை இது. நாய்க்கும் பூனைக்கும் கொழும்பில் எத்தனையோ வீடுகள் இதைச் செய்கின்றன. குதிரைக்கு மிகச் சிலர்தான்.

அந்நியமான பழக்கம் என்றும் நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊர்களில் மாட்டை வாரத்துக்கு விடுவார்கள். மாடு ஒருவருடையது, வளர்ப்பவர் வேறொருவர். கன்று யாருக்கு, பால் யாருக்கு, மாடு நோயில் செத்தால் நட்டம் யாருக்கு, இடையில் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டால் என்ன கணக்கு என்று நாலு பெரியவர்கள் முன்னால் பேசி முடித்துவிட்டுத்தான் கயிறு கைமாறும். எழுத்தறியாத காலத்திலும் அந்தப் பேச்சு இருந்தது. செம்பி எங்கள் வளவுக்கு வந்தபோது அந்தப் பேச்சு நடக்கவில்லை. தொண்டர் குழு ஒரு தாளை நீட்டியது, நான் கையெழுத்துப் போட்டேன். ‘அடித்துத் துன்புறுத்த மாட்டேன், சவாரி செய்ய மாட்டேன், குட்டி போட வைக்க மாட்டேன், கேட்டால் திருப்பித் தருவேன்’ என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. நல்ல மனதுள்ள பிள்ளைகள், அவர்களுக்குத் தெரிந்த அளவில் எழுதியிருக்கிறார்கள். அதில் இரண்டு கையொப்பம் இருந்தது. ஒன்று என்னுடையது, மற்றது குழுவினுடையது.

சித்திரைப் புதுவருட இரவில்தான் அந்தத் தாளில் இல்லாதது என்ன என்று எனக்கு விளங்கியது.

கொழும்பில் அந்த நாட்கள் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நகரம் வெறிச்சோடிப் போகும், கடை எல்லாம் பூட்டு, வெக்கை உடம்பைப் பிழியும், பட்டாசு மட்டும் ஓயாது. செம்பி பகல் முழுக்கத் தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. நாளுக்கு இருபத்தைந்து லீற்றருக்குக் குறையாமல் குடிக்கிறவள், வாளியை மூக்கால் தள்ளிவிட்டாள். இரவு எட்டு மணியளவில் முன்னங்காலால் நிலத்தைக் கிண்டத் தொடங்கினாள். தலையைத் திருப்பித் திருப்பித் தன் விலாவையே பார்த்தாள். படுத்தாள், எழும்பினாள், மறுபடி படுத்தாள். வயிற்றுவலி. மனிதருக்கு வந்தால் ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். குதிரையின் குடல் சுருண்டால் சில மணித்தியாலத்தில் உயிரே போய்விடும்.

வைத்தியர் புதுவருடத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். தொலைபேசியில் பிடித்தேன். அவர் கேட்கக் கேட்க நான் பார்த்துச் சொன்னேன். தாடையெலும்பின் உட்பக்கம் விரலை வைத்து நாடியை எண்ணினேன்: பதினைந்து செக்கனில் பதினாறு, அப்படியென்றால் நிமிடத்துக்கு 64. ஆறுதலாக நிற்கும் குதிரைக்கு 28இலிருந்து 44 வரைதான் இருக்க வேண்டும். உதட்டைத் தூக்கிப் பல்முரசை விரலால் அழுத்தி விட்டேன், நிறம் திரும்ப மூன்று செக்கனுக்கு மேல் எடுத்தது. இடப்பக்க வயிற்றில் காதை வைத்தேன். சாதாரண நாளில் தூரத்து இடி உருளுகிற மாதிரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றுமில்லை. வலப்பக்கமும் ஒன்றுமில்லை. அந்த அமைதியைப் போல் பயங்கரமான ஒன்றை நான் கேட்டதில்லை.

அப்போது வைத்தியர் கேட்டார்: ‘அக்கா, சொந்தக்காரர் யார்? ஒருவேளை வலியைத் தாங்க முடியாத நிலை வந்தால், ஊசி போட்டு அனுப்பிவைக்கிற முடிவை யார் எடுப்பது? எழுத்தில் யார் சம்மதம் தருவார்?’

என்னிடம் பதில் இல்லை. தொண்டர் குழுவுக்கு எடுத்தேன், அவர்களுக்கும் தெரியவில்லை. பழைய சொந்தக்காரரின் இலக்கம் வேலை செய்யவில்லை. மூன்று மாதமாக ஊட்டி, கழுவி, புண்ணுக்கு மருந்திட்ட எனக்கு, அவள் துடிக்கும்போது ‘போதும்’ என்று சொல்லும் உரிமை இல்லை. உரிமை உள்ளவருக்கு அவள் துடிப்பதே தெரியாது.

பட்டாசுச் சத்தம் இல்லாத பக்கமாக, வெறுங்காணிக்குள் அவளை மெதுவாக நடத்திக்கொண்டிருந்தோம். கணவர் ஒரு சுற்று, மகன் ஒரு சுற்று, நான் ஒரு சுற்று. அயல்வீட்டு ஐயா கையில் டோர்ச்சோடு எங்களோடு நடந்தார். இரவு ஒரு மணிக்குப் பிறகு, அந்த வைத்தியர் சொல்லியனுப்பிய இன்னொருவர் நீர்கொழும்புப் பக்கமிருந்து வந்து சேர்ந்தார். வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி, தண்ணீரும் பரபின் எண்ணெயும் இறக்கினார். விடிய நாலு மணி இருக்கும். செம்பி வாலை ஒரு பக்கமாகத் தூக்கினாள். நாலைந்து உருண்டை சாணம் விழுந்தது, அவ்வளவுதான். அந்த ஐயா டோர்ச்சைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். நான் வயிற்றில் காதை வைத்துப் பார்த்தேன். இடி உருண்டது.

அதன்பின் தேறினாள். வைகாசி, ஆனி மழைக்குக் குளம்பின் அடியில், முக்கோணமாக மெத்தென்றிருக்கும் பகுதி அழுகிக் கறுத்து நாறியது. நாள்தோறும் வளைந்த கம்பியால் சேறு கிண்டி, அயடீன் தடவி, நிற்கும் இடத்துக்கு மரத்தூள் போட்டு ஒரு மாதத்தில் சரிப்படுத்தினோம். குளம்பு சீவத் தெரிந்தவரை ஆறு கிழமைக்கொரு தடவை வரவழைப்பதே பெரும்பாடு. ஆடி முடியும்போது டேப்பைச் சுற்றினேன். எட்டவில்லை. நூல் கட்டி அளந்து, நூலை டேப்பில் வைத்துப் பார்த்தேன். 161. கணக்குப் போட்டால் 305 கிலோ. மாமி அந்த எண்ணைக் கலண்டரில் எழுதி வைத்தார்.

பத்து நாள் கழித்து லொறி வந்தது.

பழைய சொந்தக்காரர்தான். குதிரை தேறிவிட்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் தொலைபேசி, அதில் அவரும் செம்பியும் நிற்கும் படங்கள், பழைய மருந்துப் பற்றுச்சீட்டு ஒன்று. ‘பார்த்துக்கொள்ளத்தான் தந்தேன், கொடுத்துவிடவில்லை’ என்றார். பொலிசுக்கு அறிவித்தோம். வந்த அதிகாரி பொறுமையாக இரண்டு பக்கத்தையும் கேட்டார். என்னிடம் புல்லுக்குக் கொடுத்த கணக்குப் புத்தகம் இருந்தது, வைத்தியரின் ரசீதுகள் இருந்தன, நான் கையெழுத்திட்ட தாள் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இதில் அவருடைய கையொப்பம் இல்லையே, மிஸ்’ என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் தேடிய கடதாசி என்னிடம் இருக்கவில்லை. அப்படியொரு கடதாசியின் மாதிரியும் எங்கும் இல்லை. தொண்டர் குழுப் பிள்ளைகள் ஓடிவந்து மன்றாடினார்கள். வழக்குப் போடுங்கள் என்பதுதான் முடிவு.

லொறிக்குச் சாய்பலகை இல்லை. இரண்டு பலகையை வைத்து ஏற்றப் பார்த்தார்கள். அவள் ஏறவில்லை. காதை மடித்து, பின்னுக்குப் பின்னுக்குப் போனாள். கூட வந்த ஆள் கயிற்று முனையால் அடித்தான். இரண்டாவது அடிக்கு அவன் கை ஓங்கியபோது என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தீனி வாளியை எடுத்துக்கொண்டு நானே பலகையில் ஏறி உள்ளே போனேன். அவள் என் பின்னால் வந்தாள். எந்த இழுபறியும் இல்லாமல், வழக்கமாகத் தொழுவத்துக்கு வருகிற மாதிரியே வந்தாள்.

புரட்டாதியில் ஒருநாள் மாலை, பஸ்ஸில் போகும்போது, ஒரு மண்டபத்து வாசலில் அவளைக் கண்டேன். சரிகைத் துணியும் காகிதப்பூ மாலையும் போட்டிருந்தது. இடது முன்னங்காலைச் சற்றே முன்னுக்கு நீட்டி, பாரத்தை மற்றக் காலில் போட்டு நின்றாள். இறங்கத் தரிப்பிடம் வரவில்லை.

இனி நான் கேட்பவற்றைச் சொல்கிறேன்.

குதிரையையோ கழுதையையோ ஒருவர் கைவிட்டால், அல்லது மீட்பவர்களிடம் ஒப்படைத்தால், அதற்கு ஒரு கையளிப்புப் பத்திரம் வேண்டும். சொந்தக்காரர், பொறுப்பேற்பவர், அரச மிருக வைத்தியர், கிராம உத்தியோகத்தர் ஆகிய நால்வர் கையொப்பமும் அதில் இருக்க வேண்டும். அன்றே வைத்தியர் விலங்கின் உடல்நிலையை எழுதி, நாலு பக்கமும் படம் எடுத்து, கழுத்தில் மைக்ரோசிப் ஏற்றி, அதன் 15 இலக்கத்தையும் அந்தப் பத்திரத்தில் பதிய வேண்டும். ‘வாயால் சொன்னேன், இப்போது இல்லை என்கிறேன்’ என்பதற்கு அத்தோடு இடமில்லாமல் போகும். நாய்களைப் பதிவதற்கு 1901இலேயே சட்டம் கொண்டுவந்த நாட்டில் இது முடியாத காரியமாக இருக்காது.

அடுத்தது வளர்ப்பு வீட்டுக்கான உடன்படிக்கை. உரிமை யாரிடம், செலவு யாருக்கு, யார் எத்தனை நாளுக்கொரு தடவை வந்து பார்ப்பது, வளர்ப்பவருக்கு இயலாமல் போனால் எத்தனை நாளில் திருப்பி எடுப்பது எல்லாம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். அவசர நேரத்தில், வைத்தியரின் சொல்லைக் கேட்டு, விலங்கின் வேதனையை முடித்துவைக்கும் அதிகாரம் யாருக்கு என்ற ஒரு வரி கட்டாயம் வேண்டும். அந்தச் சித்திரை இரவுக்குப் பிறகு நான் மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பேன், இந்த ஒரு வரியை விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்தப் படிவம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும் என்று நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. தமிழ் அரசகரும மொழியாகி, 1987இலிருந்து எண்ணினால் பல வருடமாகிறது.

வளர்ப்பு வீடுகளையும் சும்மா விட்டுவிடச் சொல்லவில்லை. எங்களையும் சோதியுங்கள். நிழல் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, நடக்க இடம் இருக்கிறதா, வேறு துணை விலங்கு இருக்கிறதா என்று பாருங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். அது தெரியாத வீட்டில் நண்பகலில் குதிரை மூச்சுத் திணறிச் செத்துவிடும். நாற்பது பேர்ச் வளவு போதாது என்று என்னிடம் சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன். அயலவர் காணி தந்திராவிட்டால் அவளை நான் ஏற்றிருக்கவே கூடாது.

1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம் இன்னும் நூறு ரூபாத் தண்டம் பேசுகிறது. செம்பிக்கு ஒரு நேரத் தீனிக்கு அது காணாது. அதை மாற்றச் சட்ட ஆணைக்குழு 2006இல் விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்து தந்தது. பாராளுமன்ற உறுப்பினர்களே, அதைக் கையில் எடுக்கும்போது, விலங்கை மீட்பதோடு நின்றுவிடாமல், மீட்ட விலங்கு எங்கே போய்ச் சேருகிறது என்பதற்கும் ஒரு பிரிவு எழுதுங்கள். பறிமுதல் செய்த குதிரையைப் பொலிஸ் நிலைய முற்றத்தில் எத்தனை நாள் கட்டி வைப்பது?

குதிரை வைத்திருப்பவர்களுக்கும் இதிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கொழும்பில் குதிரை புதிதல்ல. காலிமுகத்திடலில் பந்தயம் ஓடியது. பிறகு 1893இல் கறுவாத்தோட்டத்தில் பந்தயத்திடல் திறந்தார்கள். 1942இல் அதே திடலிலிருந்து போர் விமானங்கள் எழும்பின. இன்று அங்கே ரக்பி விளையாடுகிறார்கள், கடைகள் இருக்கின்றன. பந்தயம் இன்று நுவரெலியாவில்தான் நடக்கிறது. ஆனால் குதிரைகள் வந்துகொண்டுதானிருக்கின்றன. பந்தயத்துக்கு, சவாரிப் பள்ளிக்கு, கல்யாணத்துக்கு, குளக்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்ற. குதிரை இருபத்தைந்து, முப்பது வருடம் வாழக்கூடியது. பந்தயத்தில் ஓடுவது ஏழெட்டு வயதுவரை. மிச்சம் இருபது வருடத்துக்கு அதற்குத் தீனி யார் போடுவது என்ற கேள்வியை வாங்குகிற அன்றே உங்களிடம் யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டும். இறக்குமதி அனுமதி தரும்போதே, வேலையோய்ந்த காலத்துக்கென்று ஒரு வைப்புப் பணத்தை வாங்கித் திணைக்களம் தனியே வைக்கட்டும். அந்தப் பணம் அந்தக் குதிரையோடு போகட்டும். சொந்தக்காரரே கடைசிவரை வைத்திருந்தால் அவருக்கு, வளர்ப்பு வீட்டுக்குப் போனால் அங்கே புல்லுக்கும் மருந்துக்கும் லாடக்காரருக்கும். நல்ல சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள், கிழட்டுக் குதிரையைத் தன் பிள்ளை போலப் பார்க்கிறவர்கள். உங்களுக்கு இது பாரமாக இருக்காது.

பேராதனை மிருக வைத்திய பீடத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். கொழும்பில் நாய்க்குப் பார்க்கும் வைத்தியர் தெருவுக்குத் தெரு இருக்கிறார். குதிரையைத் தொடக்கூடியவரை இரவு ஒரு மணிக்குத் தேடிப் பாருங்கள். மேல் மாகாணத்துக்கு ஓர் அழைப்பிலக்கம், முறை வைத்து இரண்டு பேர், ஒரு வயிற்றுக்குழாய், பரபின் எண்ணெய். இதைத் திணைக்களத்தோடு பேசிச் செய்யலாம்.

போன கிழமை தொண்டர் குழு மறுபடி என்னைக் கூப்பிட்டது. மலையகத்திலிருந்து ஒரு சிறிய ஆண்குதிரை வருகிறதாம், ஒரு கண் தெரியாது, வைக்க இடமில்லை. மகன் கேட்டவுடனே தொழுவத்துத் தகரத்தை மாற்றத் தொடங்கிவிட்டான். மாமி மூன்று மீற்றர் டேப் ஒன்று வாங்கிவரச் சொன்னார், வாங்கியாயிற்று. நான்தான் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. சொல்வேன் என்று நினைக்கிறேன். ஆனால் இந்த முறை லொறியிலிருந்து குதிரை இறங்குமுன் சொந்தக்காரரின் கையொப்பத்தைக் கேட்பேன். அவர் எந்தக் கடதாசியில் கையொப்பம் வைக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வளர்ப்பு வீட்டுக்காரி ஒருத்தி,
கொழும்பு 15